ஆய்வுக்குப் பணம் கொடுப்பது யார்? காசர்கோடு எழுப்பிய கேள்வி

(அறிவியலும் மக்களும் என்ற பொருளில் நடந்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

"நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்" என்ற ஒற்றை வாக்கியம் இந்தியாவின் எத்தனையோ கிராம சபைகளை வாயடைக்கச் செய்திருக்கிறது. அணைக்காக ஊரைக் காலி செய்யச் சொல்லும்போதும், மலையைச் சுரங்கத்துக்குக் கொடுக்கும்போதும், ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கும்போதும் அதிகாரிகள் இதே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். அண்மைக் காலமாக இதற்கு எதிர்த் திசையிலிருந்து இன்னொரு வாக்கியம் வலுப்பெற்று வருகிறது. "விஞ்ஞானிகள் எல்லாரும் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள்தான்" என்பது அது. முதலாவது அதிகாரத்தின் மொழி. இரண்டாவது ஏமாற்றப்பட்டவர்களின் கோபமாகத் தொடங்குகிறது. ஆனால் போலி மருந்து விற்பவர்களும், கோமியத்தில் எல்லா நோய்க்கும் தீர்வு இருக்கிறது என்று மேடையேறிப் பேசுபவர்களும் அதை விரைவிலேயே தங்கள் கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் உழைக்கும் மக்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதே இன்று பேச வேண்டிய பொருள். பொதுப்படையாகப் பேசினால் இது முடிவற்ற தத்துவ விவாதமாகிவிடும். ஆகவே ஒரு மாவட்டத்தின் அனுபவத்திலிருந்து தொடங்குவது நல்லது.

கேரளத்தின் வடகோடியில், கர்நாடக எல்லையை ஒட்டியிருப்பது காசர்கோடு. அங்கே கேரளத் தோட்டக் கழகத்துக்கு ஏறத்தாழ 4,700 ஹெக்டேர் முந்திரித் தோட்டங்கள் உள்ளன. முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருகவைக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை ஒழிப்பதற்காக, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டின் இறுதி வரை, இத்தோட்டங்களின் மீது ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம். சமதளமான வயலுக்கு வகுக்கப்பட்ட முறை அது. காசர்கோடோ குன்றும் பள்ளமுமான நிலம். தோட்டங்கள் குன்றின் மேலே, குடியிருப்புகள் சரிவில், பள்ளிக்கூடங்கள் அடிவாரத்தில். குன்றின் பக்கவாட்டில் குடையப்பட்ட சுரங்கங்களிலிருந்து கசிந்து வரும் ஊற்றுநீரே பல குடும்பங்களின் குடிநீர். தெளிப்புக்கு முன் நீர்நிலைகளை மூடிவைக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஓடையை எப்படி மூடுவது என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் பாதிப்பைக் கண்டது கால்நடைகளிடம்தான். எண்மகஜே ஊராட்சியின் பத்ரே கிராமத்தைச் சேர்ந்த விவசாயியும் பத்திரிகையாளருமான ஸ்ரீபத்ரே, கன்றுகள் ஊனத்தோடு பிறப்பதை 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார். அதே பகுதியில் 1982 முதல் மருத்துவம் பார்த்துவந்த மருத்துவர் ஒய்.எஸ். மோகன்குமார், ஒரு சிறிய நிலப்பரப்பில் மனவளர்ச்சிக் குறைபாடும் வலிப்பும் பிறவி ஊனமும் புற்றுநோயும் இத்தனை வீடுகளில் இருப்பது இயல்பானதல்ல என்று கண்டார். முதலில் அவர் தண்ணீரைச் சந்தேகித்தார். பூச்சிமருந்து பின்னர்தான் அவர் எண்ணத்துக்கு வந்தது. தெற்கே பெரியாவில், வேளாண் துறையிலேயே பணியாற்றிய லீலாகுமாரி அம்மா, தன் வீட்டைச் சுற்றித் தெளிக்கக் கூடாது என்று முதலில் மனுக்கள் எழுதினார். பயனில்லாதபோது 1998இல் ஹோஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தோட்டக் கழகம் மேல் நீதிமன்றங்களுக்குச் சென்றது. அவர் விடவில்லை, 2000ஆம் ஆண்டில் தடையுத்தரவு நிலைபெற்றது. ஹெலிகாப்டர்கள் நின்றது அதற்குப் பிறகுதான்.

ஒரு விவசாயப் பத்திரிகையாளர், ஒரு கிராமத்து மருத்துவர், ஒரு கீழ்நிலை அரசு ஊழியர். இவர்களில் எவரும் நச்சியல் நிபுணர் அல்லர். ஆனால் பார்த்தல், பதிவு செய்தல், ஒப்பிடுதல், பொருந்தாத விளக்கத்தைக் கைவிட்டு வேறொன்றைத் தேடுதல் என்று அறிவியலின் அடிப்படை வேலை எதுவோ அதை அவர்கள்தான் செய்தார்கள். நிபுணர்கள் அதன் பிறகே வந்தார்கள்.

வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பத்ரே மக்களின் இரத்தத்திலும், நீரிலும், பாலிலும், மண்ணிலும் எண்டோசல்பான் எச்சம் மிகுதியாக இருப்பதாக அறிவித்தது. சில மாதங்களுக்குள் இன்னொரு அறிக்கை வெளிவந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் படப்பையில் இயங்கிய பிரெட்ரிக் தாவரப் பாதுகாப்பு மற்றும் நச்சியல் நிறுவனம் மனித இரத்தத்திலும் நீரிலும் எச்சமே இல்லை என்றது. அந்த ஆய்வைச் செய்யச் சொன்னதும் அதற்குப் பணம் கொடுத்ததும் தோட்டக் கழகம், அதாவது மருந்தைத் தெளித்த அதே அமைப்பு.

இங்கே ஒரு நிமிடம் நின்று சிந்திக்க வேண்டும். "பணம் கொடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டது, எனவே அறிக்கை பொய்" என்று முடித்துவிடுவது எளிது. அது வாதமாகாது. பணம் கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்பது இரத்த மாதிரியில் இருக்கும் மூலக்கூற்றை மாற்றிவிடாது. தில்லி மையத்தின் ஆய்வக முறையிலும் தொழிற்துறையினர் குறை கண்டார்கள். அந்தக் குறைகளுக்கும் பதில் சொல்லப்பட வேண்டியிருந்தது. பணத்தின் கை பெரும்பாலும் வேறிடத்தில் வேலை செய்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது என்பதை அது தீர்மானிக்கிறது. தெளிப்பு நின்று மாதங்கள் கழிந்தபின் "இப்போது எச்சம் இருக்கிறதா?" என்று கேட்பது ஒரு கேள்வி. "இருபது ஆண்டுகளாக இதைச் சுவாசித்த ஊரின் குழந்தைகள் எப்படி வளர்ந்திருக்கிறார்கள்?" என்று கேட்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு எவ்வளவு நேர்மையாக விடை தேடினாலும் அது இரண்டாவது கேள்விக்கு விடையாகிவிடாது. தோட்டக் கழகத்துக்குத் தேவைப்பட்டது முதல் கேள்வி மட்டுமே.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம். இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், பொதுப் பணத்தில் இயங்குவது. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டதன் பேரில் ஆய்வு நடந்தது. தோட்டத்தின் அடிவாரத்தில் இருந்த பள்ளியின் குழந்தைகளையும், அதே மாதிரியான வாழ்க்கை நிலையில் இருந்தும் தெளிப்புக்கு உள்ளாகாத ஊரின் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். 10 முதல் 19 வயது வரையுள்ள 117 மாணவர்கள் ஒருபுறம், 90 மாணவர்கள் மறுபுறம். தெளிப்புக்கு உள்ளான சிறுவர்களின் பருவ வளர்ச்சி பின்தங்கியிருப்பதையும், ஆண் ஹார்மோன் சுரப்பில் இடையூறு இருக்கக்கூடும் என்பதையும் காட்டும் ஆய்வுக் கட்டுரை 2003இல் சர்வதேச இதழில் வெளியானது. உடனே பூச்சிமருந்துத் தொழிற்துறையினர் அதே இதழுக்கு மறுப்புக் கடிதங்கள் எழுதினார்கள். ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள். அதில் தவறில்லை. ஆய்வு என்றால் கேள்விக்கு உட்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

தவறு வேறிடத்தில் நடந்தது. பொது நிறுவனத்தின் இந்த ஆய்வு கையில் இருந்தபோதே, மத்திய வேளாண் அமைச்சகத் தரப்பின் துபே குழு, மருந்துக்கும் நோய்களுக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை என்று கூறியது. அதற்குப் பின் அமைந்த மாயீ குழுவும் ஏறக்குறைய அதே வழியில் சென்றது. ஊர் மக்கள் ஒவ்வொரு குழுவின் முன்னும் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். கேரளத்தில் பயன்பாட்டை நிறுத்திவைத்த மத்திய அரசு, மற்ற மாநிலங்களில் விற்பனையைத் தொடர அனுமதித்தது. காசர்கோட்டில் ஆபத்தானது எல்லை தாண்டி மங்களூரில் எப்படிப் பாதுகாப்பானதாக மாறும் என்று எந்தக் குழுவும் விளக்கவில்லை.

இதற்கான காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அன்று உலகிலேயே எண்டோசல்பானை அதிகமாக உற்பத்தி செய்த நாடு இந்தியா. தயாரித்தவற்றில் தனியார் நிறுவனங்கள் இருந்தன. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனமும் இருந்தது. தெளித்த தோட்டக் கழகமோ மாநில அரசுக்குச் சொந்தமானது. உற்பத்தியாளரும், அனுமதி கொடுப்பவரும், வாங்கித் தெளிப்பவரும், பாதிப்பை விசாரிப்பவரும் ஒரே அரசின் வெவ்வேறு முகங்களாக இருந்தார்கள். இடதுசாரிகள் இந்த இடத்தை விரைந்து கடந்துபோய்விடக் கூடாது. தனியார் பணம் என்றால் உள்நோக்கம், அரசுப் பணம் என்றால் தூய்மை என்ற கணக்கு காசர்கோட்டில் பொய்த்துவிட்டது. தெளிப்பு நடந்த அந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் கேரளத்தில் காங்கிரஸ் கூட்டணியும் ஆண்டது, இடது முன்னணியும் ஆண்டது.

திருத்தமும் அந்த மண்ணிலிருந்தே வந்தது. பாதிக்கப்பட்ட தாய்மார்களின் போராட்டம், ஊராட்சிகளின் தீர்மானங்கள், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் ஆய்வு என்று அழுத்தம் கூடியது. 2010 டிசம்பர் இறுதியில் மனித உரிமை ஆணையம் நாடு தழுவிய தடையைப் பரிந்துரைத்தது. 2011 ஏப்ரல் 25 அன்று முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் திருவனந்தபுரத்தில் ஒரு நாள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினார். அதே வாரத்தில் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை உலக அளவில் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தன. அதற்கு முந்தைய நிபுணர் குழுக் கூட்டங்களில் கடைசி வரை எதிர்த்து நின்றது இந்தியப் பிரதிநிதித்துவம். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று உற்பத்தி, விற்பனை, பயன்பாடு மூன்றையும் நிறுத்தியது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மூன்று மாதங்களுக்குள் ஐந்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்ற தீர்ப்பு 2017 ஜனவரியில் வந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 2022 மே மாதத்தில், 3,704 பேரில் வழக்குத் தொடுத்த எட்டுப் பேருக்கு மட்டுமே பணம் கொடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு அதே நீதிமன்றம் மாநில அரசைக் கடுமையாகச் சாடியது. அப்போது ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. மற்றவர்களுக்கான தொகை பெருமளவில் நகரத் தொடங்கியது அந்தக் கண்டனத்துக்குப் பிறகுதான். இதைச் சொல்லாமல் காசர்கோட்டைப் பற்றி மேடையில் பேசுவது நேர்மையாகாது.

ஒவ்வொரு நோயாளியின் நோய்க்கும் எண்டோசல்பான்தான் காரணம் என்று நிறுவப்பட்டுவிட்டதா? இல்லை. வேளாண் விஞ்ஞானிகளில் சிலர் இன்றும் அதை மறுக்கிறார்கள். தனி ஒருவரின் ஊனத்துக்கு ஒரு இரசாயனத்தைக் காரணமாகக் காட்டுவது எந்த ஆய்விலும் கடினம். அந்த மறுப்பாளர்களைக் கைக்கூலிகள் என்று ஏசுவதால் எந்தப் பயனும் இல்லை. அவர்களுடைய தரவுகளுக்குத் தரவுகளாலேயே பதில் சொல்ல வேண்டும். ஆனால் தோழர்களே, ஐயம் தீராத காலத்தில் அதன் சுமையை யார் தாங்குவது என்பது ஆய்வகத்தில் முடிவாகிற விஷயம் அல்ல, அது அரசியல். "நிரூபியுங்கள், பிறகு நிறுத்துகிறோம்" என்று தெளிப்பவர் சொன்னால், நிரூபணம் வரும்வரை சோதனை விலங்குகளாக இருப்பவர்கள் ஊர் மக்கள். "பாதுகாப்பானது என்று முதலில் நிரூபியுங்கள், பிறகு தெளியுங்கள்" என்று ஊர் சொன்னால் சுமை இடம் மாறுகிறது. அறிவியல் இரண்டிலும் ஒன்றுதான்.

ஐயத்தையே சரக்காக்கி விற்கும் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1953 டிசம்பரில் அமெரிக்காவின் பெரும் சிகரெட் முதலாளிகள் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் கூடினார்கள். புகையிலையும் நுரையீரல் புற்றுநோயும் குறித்த ஆய்வுகள் வெளிவந்துகொண்டிருந்த நேரம். விளம்பர நிறுவனம் ஒன்றின் ஆலோசனைப்படி, அடுத்த மாதமே நானூறுக்கும் மேற்பட்ட நாளேடுகளில் தங்கள் சொந்த ஆராய்ச்சிக் குழுவை அறிவித்தார்கள். அவர்கள் அறிவியலை எதிர்க்கவில்லை. "மேலும் ஆராய்ச்சி தேவை" என்றார்கள். அந்த "மேலும்" பல பத்தாண்டுகள் நீடித்தது. சர்க்கரை ஆலைகளின் அமைப்பு 1960களில் ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் மீது திருப்பும் கட்டுரையை 1967இல் வெளியிடச் செய்தது. பணம் கொடுத்தவர் யார் என்பது கட்டுரையில் சொல்லப்படவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பழைய கடிதங்களைத் தோண்டியபோதுதான் அது வெளிப்பட்டது. ஆனால் இந்த இரண்டு மோசடிகளையும் அம்பலப்படுத்தியவர்களும் ஆய்வாளர்களே. விஞ்ஞானிகள் அனைவரும் விலைபோனவர்கள் என்பவர்கள் இதை எப்போதும் மறந்துவிடுகிறார்கள்.

நிபுணர் அதிகாரம் எவ்வளவு மெலிந்ததாக இருக்க முடியும் என்பதற்கு பி.டி. கத்திரிக்காய் ஓர் எடுத்துக்காட்டு. மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு 2009 அக்டோபரில் அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. உச்ச நீதிமன்றத்தின் நியமனமாக அந்தக் குழுவில் அமர்ந்திருந்த முதுபெரும் உயிரியல் விஞ்ஞானி பி.எம். பார்கவா, தேவையான சோதனைகள் செய்யப்படவில்லை என்றும், செய்யப்பட்டவையும் விதையை விற்கப்போகும் நிறுவனத்தின் தரவுகளையே சார்ந்தவை என்றும் எதிர்த்தார். ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்ட பிறகு, 2010 பிப்ரவரி 9 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் அனுமதியை நிறுத்திவைத்தார். அதன்பின் நாட்டின் ஆறு அறிவியல் அகாடமிகள் கூடி ஓர் அறிக்கை கொடுத்தன. கத்திரிக்காய்க்கு ஆதரவான அந்த அறிக்கையின் சில பத்திகள், அத்தொழில்நுட்பத்தில் நேரடியாக ஈடுபட்டிருந்த ஒரு விஞ்ஞானியின் கட்டுரையிலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. அறிக்கையைத் திருத்தி மீண்டும் வெளியிட வேண்டியதாயிற்று. ஒரு கல்லூரி மாணவர் இப்படிச் செய்தால் தேர்வில் தோல்வி. ஆறு அகாடமிகளுக்கு "திருத்திய பதிப்பு".

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. நடத்தியது பாத் என்ற அமெரிக்க அமைப்பு. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. ஊசிமருந்தை இலவசமாகக் கொடுத்தவை இரண்டு பன்னாட்டு மருந்து நிறுவனங்கள். கம்மத்தில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் சம்மதப் படிவங்களில் கையெழுத்திட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தபின் மாதர் அமைப்புகளும் இடதுசாரி உறுப்பினர்களும் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் குரல் எழுப்பினார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அளித்த அறிக்கை அந்த அமைப்பையும் அரசு நிறுவனங்களையும் கடுமையாகக் கண்டித்தது.

விசாரணையில் அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே பெரிதும் தெரியவந்தது. தடுப்பூசி பயனுள்ளது என்பதை உலகெங்கும் பின்னர் வந்த தரவுகள் உறுதிப்படுத்தின. குற்றம் ஊசியில் இல்லை. சம்மதத்தைத் திருடியதில் இருந்தது. அந்தத் திருட்டின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? பல்லாயிரம் பெண்கள் ஆண்டுதோறும் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறக்கும் நாட்டில், தேசியத் திட்டத்தில் அந்தத் தடுப்பூசி சேருவது பத்தாண்டுகளுக்கும் மேல் தள்ளிப்போனது. மக்களின் நம்பிக்கையை ஒரு முறை உடைத்தவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். உடைந்த நம்பிக்கையோடு வாழ்ந்தவர்கள் ஏழைப் பெண்கள். ஆகவே நிதியின் நோக்கத்தைக் கேள்வி கேட்பவர் அந்தக் கேள்வியோடு நின்றுவிட முடியாது. ஊசி வேலை செய்கிறதா என்பதையும் தனியாகக் கேட்டு, அதன் விடையை, அது பிடிக்காத விடையாக இருந்தாலும், ஏற்க வேண்டும்.

இவ்வாறு கேள்வி கேட்கும் மரபு இந்தியாவுக்குப் புதிதல்ல. அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் வந்தபோது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979இல் ஓர் மாற்று மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்தது. மின் வாரியத்தின் பொறியாளர்களுக்கு அது முழக்கத்தால் பதில் சொல்லவில்லை. மின் தேவைக் கணக்கால் பதில் சொன்னது. இடதுசாரி இயக்கத்தின் பெரும்பகுதி அப்போது திட்டத்தின் பக்கம் நின்றது என்பதும் வரலாறே. காட்டை நேசித்தவர்களிலும் பரிஷத்தின் ஊழியர்களிலும் கட்சிக்காரர்கள் நிறைய இருந்தார்கள்; தங்கள் இயக்கத்தின் தலைமையோடு அவர்கள் வாதாடினார்கள்.

இன்று நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் அளவுக்குத்தான். சீனா இரண்டு சதவீதத்துக்கு மேல், தென்கொரியா நான்கு சதவீதத்துக்கு மேல் செலவிடுகின்றன. 2023இல் சட்டமாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அதில் 36,000 கோடி அரசு அல்லாத மூலங்களிலிருந்து, அதாவது பெரும்பாலும் தொழிற்குழுமங்களிடமிருந்து வரும் என்பதே திட்டம். பல்கலைக்கழக ஆய்வு மாணவர் உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் நாட்டில், ஆராய்ச்சியின் திசையைத் தீர்மானிக்கப்போகும் பணப்பை யாருடையது என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். பூச்சிமருந்து நிறுவனம் பூச்சிமருந்து ஆய்வுக்குப் பணம் கொடுக்கும். பத்ரே போன்ற ஓர் ஊரின் குழந்தைகளை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்கு எந்தக் குழுமம் பணம் கொடுக்கும்? அகமதாபாத் நிறுவனம் போன்றவை மெலிந்துபோனால், அடுத்த காசர்கோட்டில் முதல் கேள்வியைக் கேட்கப் படப்பைகள் இருக்கும். இரண்டாவது கேள்வியைக் கேட்க எவரும் இருக்கமாட்டார்கள்.

பொது ஆராய்ச்சி நிதியை உயர்த்தக் கோருவதும், பாதுகாப்புச் சோதனையின் மூலத் தரவுகள் முழுவதையும் பொதுவில் வைக்கக் கோருவதும், ஒழுங்குமுறைக் குழுக்களில் அமர்பவர்கள் எந்த நிறுவனத்திடம் என்ன பெற்றார்கள் என்பதை அறிவிக்கக் கோருவதும் இதனால் தொழிற்சங்கக் கோரிக்கைகளாகவும் விவசாய சங்கக் கோரிக்கைகளாகவும் மாற வேண்டும். தோட்டத் தொழிலாளியிடம் தரப்படும் மருந்துக் குப்பியின் பெயர், அவர் தெளித்த நாள், அதன்பின் அவருக்கு வந்த உடல்நலக் குறைவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தைக் கிளைகள் இன்றே தொடங்கலாம். மோகன்குமாரின் கையில் முதலில் இருந்தது அப்படிப்பட்ட குறிப்புகள்தான்.

தெளிப்பு நின்று பத்தாண்டுகளுக்குப் பின்னும், பயன்படுத்தாமல் எஞ்சிய எண்டோசல்பான் பீப்பாய்கள் தோட்டக் கழகத்தின் கிடங்குகளிலேயே கிடந்தன. பழைய பீப்பாய்கள் துருப்பிடித்துக் கசியத் தொடங்கியதால் 2012இல் அவற்றைப் புதிய பீப்பாய்களுக்கு மாற்றினார்கள். அவற்றை எப்படி, எங்கே அழிப்பது என்று குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்தக் குழுக்களின் முன்பும் ஊர் மக்கள் போய் நின்று, மண்ணையும் கிணற்றையும் யார் சோதிக்கப் போகிறார்கள், எந்த ஆய்வகத்தில், யாருடைய செலவில் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.